சாவடியில் உட்காரத் தகுதியானவள்

மோயேலாங்கி அக்காவிடம் யார் நலம் விசாரித்தாலும் கிடைக்கிற பதில் ஒன்றுதான்: "நல்லா இருக்கேன், ஆண்டவருக்கு நன்றி." காய்ச்சலில் படுத்திருந்தபோதும் அதைத்தான் சொன்னாள். தன் அம்மாவை அடக்கம் செய்துவிட்டு சமோவாவிலிருந்து விமானத்தில் வந்து இறங்கிய அன்றும் அதைத்தான் சொன்னாள். எங்கள் சமோவா ஜனங்களில் பெரும்பாலும் எல்லோரும் அப்படிச் சொல்கிறவர்கள்தான். ஆனால் நாங்கள் சொல்லிவிட்டு, ஆள் நகர்ந்ததும் மூலையில் உட்கார்ந்து முனகுவோம். அக்கா முனகவும் மாட்டாள். அவள்மேல் எனக்குத் தீராத கோபம் என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

மேற்கு சிட்னியில், மவுண்ட் ட்ருயிட் பக்கம், ஆஸ்பத்திரித் துணிகளை வெளுத்துக் கொடுக்கும் பெரிய சலவை ஆலை ஒன்றில் நானும் அவளும் ஈரப் பக்கத்தில் வேலை பார்த்தோம். ஈரப் பக்கம் என்றால், துவைத்த துணி இயந்திரத்திலிருந்து வந்து விழுகிற இடம். படுக்கை விரிப்புகள் தனித்தனியாக வராது. ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு, ஈரமும் பாரமுமாகத் தாம்புக் கயிறு போல வரும். அதை இழுத்துப் பிரித்து உதறி அடுத்த இயந்திரத்துக்குக் கொடுக்க வேண்டும். அக்கா நல்ல உயரம், உயரத்துக்கேற்ற அகலம். முடிச்சு இறுகிவிட்டால் எல்லோரும் அவளைத்தான் கூப்பிடுவோம். அவளும் தன் வேலையை அப்படியே விட்டுவிட்டு வருவாள். வரமாட்டேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

அப்படி இழுத்த ஒரு முடிச்சில்தான் அவளுடைய வலது தோள் போனது. போனதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. பல வாரங்கள் கழித்து, கோயிலில் பாட்டுப் புத்தகத்தை இடது கையிலேயே வைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்து நான்தான் பிடித்தேன். "என்னக்கா, கை என்னாச்சு?" என்றேன். "ஒன்னுமில்ல ரூத்தா, அது கொஞ்சம் ஓய்வு எடுக்குது" என்றாள். கையென்ன மேனேஜரா, நினைத்தபோது ஓய்வெடுக்க?

பிறகு ஆஸ்பத்திரி, ஸ்கேன், அறுவை, உடற்பயிற்சி எல்லாம் நடந்தது. கை மார்பு உயரம் வரைக்கும் வரும், அதற்குமேல் வராது என்பதில் வந்து நின்றது. ஆலையில் கொஞ்ச காலம் அவளைத் தலையணை உறை எண்ண உட்காரவைத்தார்கள். அப்புறம் உனக்கேற்ற வேலை இங்கே இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். விபத்துக் காப்பீட்டுக் கம்பெனியிலிருந்து வாராவாரம் பணம் வந்தது. பழைய சம்பளத்தைவிடக் குறைவு. ஆனாலும் வாடகை அதில்தான் நின்றது.

வாடகை மட்டுமல்ல, விலியாமு மாமாவும் அதில்தான் வீட்டில் உட்கார்ந்திருந்தார். அக்காவின் கணவர். வாழ்நாளெல்லாம் சாலை போட்டவர். அதற்கு முந்தைய வருஷம் அவருக்கு நெஞ்சைத் திறந்து மூடியிருந்தார்கள். பாரம் தூக்கக்கூடாது, அவசரப்படக்கூடாது, கோபப்படக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கடைசிக் கட்டளை அவருக்குத் தேவையே இல்லை. அந்த மனுஷனுக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. ஓய்வூதிய வயதுக்கு அவருக்கு இன்னும் காலம் இருந்தது. நாங்களெல்லாம் சமோவாவிலிருந்து முதலில் நியூசிலாந்துக்குப் போய், அந்த நாட்டு பாஸ்போர்ட்டில் வந்து இங்கே குடியேறியவர்கள். வேலை செய்யலாம், வரி கட்டலாம். வேலை போனால் அரசாங்கம் தருகிற உதவித்தொகைக்கு மட்டும் கை நீட்ட முடியாது. அக்காவின் வாரப் பணம் நின்றால் விலியாமு மாமா அந்த நெஞ்சோடு வேலைக்குப் போக வேண்டும். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அதனாலேயே யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

அந்த வருஷங்களில்தான் மாநில அரசு, காயம்பட்ட தொழிலாளர்களுக்கான சட்டத்தை மாற்றியிருந்தது. கஜானாவில் ஓட்டை விழுந்துவிட்டதாம். ஓட்டையை அடைக்க யாருடைய துணியைக் கிழிப்பார்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. புதுச் சட்டப்படி இரண்டரை வருஷம் கழிந்தால் ஒரு கேள்வி வரும்: உன்னால் ஏதாவது ஒரு வேலை செய்ய முடியுமா? முடியும் என்று காப்பீட்டுக் கம்பெனி முடிவு செய்தால் பணம் நிற்கும். அந்த வேலை ஊரில் இருக்கிறதா, இருந்தாலும் தோள் போன சலவைக்காரிக்கு யாராவது அதைக் கொடுப்பார்களா என்பதெல்லாம் சட்டத்துக்கு வேண்டாத விஷயம். கணக்கு எழுதுகிறவருக்குத் தோள் போனால் திரும்பிப் போக ஒரு நாற்காலி இருக்கும். எங்களுக்கு இருந்தது அந்தத் தோள் மட்டும்தான்.

முடிவு செய்வதற்கு முன் கம்பெனி தன் டாக்டரிடம் அக்காவை அனுப்பியது. ஆபீஸ் நகரத்தின் நடுவில். நான் காரில் கூட்டிப்போகக் காலையில் வந்தபோது அக்கா வெள்ளைச் சட்டையும் நீளப் பாவாடையும் போட்டு, கொண்டையில் பூச் செருகி, வாசலில் நின்றிருந்தாள். பக்கத்தில் பெரிய அலுமினியத் தட்டு, மேலே வெள்ளைத் துணி. உள்ளே சப்பாசூயி, அதாவது கண்ணாடிச் சேமியாவில் மாட்டிறைச்சி போட்டு எங்கள் வீடுகளில் செய்கிற பண்டம். ஐம்பது பேர் சாப்பிடுகிற மாதிரி செய்துவிட்டு, கொஞ்சம்தான் செய்தேன் என்று சொல்லிக் கொடுப்பது எங்கள் வழக்கம்.

"இது யாருக்கு?" என்றேன்.

"டாக்டருக்கு."

"அக்கா, அவர் உன் டாக்டர் இல்ல. கம்பெனி டாக்டர். உன் பணத்தை நிறுத்துறதுக்கு வழி பாக்குற ஆளு."

"இருக்கட்டும்டி. பெரிய மனுசர். வெறுங்கையோட போய் நின்னா எங்கம்மா மண்ணுக்குள்ள இருந்து எழுந்து வந்து என்னை அடிப்பா."

"சரி, குடு. நான் எடுத்துட்டு வரேன்."

"மருத்துவம் பாக்கப்போறது எனக்கா உனக்கா? காணிக்கையைக் குடுக்கிறவதான் எடுத்துட்டுப் போகணும்."

விலியாமு மாமா வாசற்படியில் நின்று, "விட்டுடு ரூத்தா. மகாராணி முடிவு பண்ணிட்டா" என்றார். சேமியாவைக் கிளறியது அவர்தான். சட்டையின் முன்பக்கம் முழுவதும் சோயா சாஸ் தெறித்திருந்தது.

டாக்டர் அறைக்குள் நான் போகவில்லை. வாசல் திறந்தபோது பார்த்தது மட்டும் போதும். ஒரு கையால் கொடுப்பது மரியாதை இல்லை. அக்கா இரண்டு கையாலும் தட்டைப் பிடித்து, வலிக்கிற கையையும் சேர்த்து, நெஞ்சுக்கு நேராக உயர்த்திக்கொண்டு சிரித்த முகமாக உள்ளே நடந்தாள். டாக்டர் எழுந்து நின்று, "எப்படி இருக்கீங்க?" என்றார். கதவு மூடுவதற்குள் பதிலும் என் காதில் விழுந்தது. நான் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டேன்.

திரும்பி வருகிற வழியில் அக்கா வலது கையை மடியில் கிடத்தி, இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டு வந்தாள். உதட்டைக் கடித்திருந்தாள். "எவ்வளவு நல்ல மனுசன் தெரியுமா?" என்றாள். "நல்லா கவனிச்சுக் கேட்டாரு."

நன்றாகத்தான் கவனித்திருந்தார். அறிக்கை வந்தது. பெரிய உணவுத் தட்டு ஒன்றை இரு கைகளாலும் மார்புயரத்துக்குத் தூக்கி வந்தார், நலமாக இருப்பதாக அவரே கூறினார், மிகவும் உற்சாகமான பெண்மணி. எல்லாம் எழுதியிருந்தார். சாப்பிட்டாரா இல்லையா என்பதை மட்டும் எழுதவில்லை. அதை வைத்துக் கம்பெனி முடிவு சொன்னது: கார் நிறுத்துமிடத்தில் கட்டணம் வாங்கும் சாவடியில் உட்கார்ந்து முழுநேரம் வேலை செய்ய இவர் தகுதியானவர். மூன்று மாதத்தில் பணம் நிற்கும். அதற்குப் பிறகு ஒரு வருஷத்தில் கம்பெனி தருகிற வைத்தியச் செலவும் நிற்கும்.

நான் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு வாய்க்கு வந்ததைப் பேசினேன். டாக்டரை, கம்பெனியை, அரசாங்கத்தை, கடைசியில் அக்காவையே. அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "டீ குடிக்கிறியா?" என்றாள்.

மறுபரிசீலனை கேட்கலாம் என்று யூனியனில் சொன்னார்கள். முதலில் கம்பெனியிடமே கேட்க வேண்டும். கம்பெனி தன் முடிவு சரி என்று தானே சொல்லும். சொன்னது. அதற்குமேல் அரசாங்க அலுவலகத்தில் ஒரு அதிகாரி பார்ப்பார். வக்கீல் வைக்கலாமா என்றால், இந்த வேலைக்கு வக்கீல் கட்டணம் வாங்கக்கூடாது என்று புதுச் சட்டம். கட்டணம் இல்லையென்றால் எந்த வக்கீல் வருவார்? ஆக நான்தான் வக்கீல். பள்ளிக்கூடம் பாதியில் விட்ட வக்கீல்.

அந்தச் சாவடி வேலை எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடுவோம் என்று அக்காவைக் காரில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். முதல் கடைவளாகத்தில் இயந்திரம். அடுத்த இடத்திலும் இயந்திரம். ரயில் நிலையத்தில் காமிரா மட்டும். அக்கா ஒவ்வொரு இயந்திரத்துக்கும் சீட்டை வாங்கிக்கொண்டு "தேங்க் யூ" என்று சொன்னாள்.

"யாருக்குக்கா சொல்ற?"

"உள்ள யாராவது இருந்தா?"

கடைசியில் ஒரு பழைய ஆஸ்பத்திரியின் பின்பக்கம், தகரக் கூரை போட்ட சாவடியில், உயிரோடு ஒரு கிரேக்கக் கிழவர் உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்ததும் எனக்கு மியூசியத்துக்கு வந்த மாதிரி இருந்தது. வந்த காரணத்தைச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"நல்ல வேலைம்மா. ஆனா சீக்கிரம் வாங்க. கிறிஸ்துமஸுக்கு அப்புறம் இங்கயும் மெஷின் வருது. நான் வீட்டுக்குப் போறேன்."

அக்கா, "அய்யோ, உங்களுக்குக் கஷ்டமாச்சே" என்று அவருக்காக வருத்தப்பட ஆரம்பித்தாள். நான் இடையில் புகுந்து, அந்த நாற்காலியில் ஒரு நிமிஷம் இவள் உட்காரலாமா என்று கேட்டேன். கிழவர் இறங்கி இடம் கொடுத்தார். அக்கா உள்ளே உட்கார்ந்தாள். சாவடியில் பாதியை அவள் அடைத்துக்கொண்டாள். நான் காரை ஜன்னலருகே கொண்டுவந்து நிறுத்தி, சீட்டை நீட்டினேன். வாங்குவதற்கு வலது கையைத்தான் வெளியே நீட்ட வேண்டும், ஜன்னல் அந்தப் பக்கம். நீட்டினாள். ஜன்னல் விளிம்புக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. உடம்பைத் திருப்பிப் பார்த்தாள், இடது கையைக் குறுக்கே விட்டுப் பார்த்தாள், கடைசியில் எழுந்து நின்று மொத்த உடம்பையும் ஜன்னலுக்கு வெளியே தள்ளி வாங்கினாள். பின்னால் கார்கள் ஹாரன் அடிக்கத் தொடங்கின. கிழவர் அந்தக் கார்களைப் பார்த்து, "பொறுங்கய்யா, இங்க ஒரு நேர்முகத் தேர்வு நடக்குது" என்று கத்தினார். நாங்கள் மூவரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம்.

வீட்டுக்கு வருகிற வழியில் அக்கா சிரிப்பை நிறுத்தியிருந்தாள். "அவர் வேலைக்குப் போகக்கூடாது ரூத்தா" என்றாள். "அவர்" யாரென்று நான் கேட்கவில்லை. அதுவரை அவள் அந்தப் பேச்சை வாய்விட்டு எடுத்ததே இல்லை.

அரசாங்க அதிகாரி போனில் பேசுவதாகச் சொல்லியிருந்தார். ஃபியோனா என்று பெயர். சமையலறை மேஜையில் போனை வைத்து, சத்தத்தைக் கூட்டி, மூவரும் சுற்றி உட்கார்ந்தோம். முன்தினம் முழுவதும் அக்காவுக்கு நான் பாடம் எடுத்திருந்தேன். வலி என்றால் வலி என்று சொல். முடியாது என்றால் முடியாது என்று சொல். சரி சரி என்று தலையாட்டினாள்.

"மோயேலாங்கி, எப்படி இருக்கீங்க?" என்றது போன்.

"நல்லா இருக்கேன், ஆண்ட..." என்று தொடங்கியவளின் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினேன். அலறாமல் நிறுத்திக்கொண்டாள்.

அடுத்து, அந்தக் கையால் என்னவெல்லாம் செய்ய முடியவில்லை என்று ஃபியோனா கேட்டார். அக்கா வாயைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள். நான் பேசக்கூடாது, பாதிக்கப்பட்டவர்தான் பேச வேண்டும் என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள். நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

விலியாமு மாமா தொண்டையைச் செருமினார். "நான்தாங்க அவளுக்குத் தலை வாரி விடுறேன்" என்றார். "கொண்டையும் நான்தான் போடுறேன். ரெண்டு வருஷமா."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அந்தக் கொண்டையைப் பார்த்து நாங்கள் பொறாமைப்பட்டிருக்கிறோம். சாலை போட்ட விரல்கள் போட்ட கொண்டை அது.

அக்காவின் முகம் சிவந்துவிட்டது. "அதைப் போய் யாராவது வெளிய சொல்லுவாங்களா?" என்று அவரை அடிக்குரலில் அதட்டினாள். பிறகு என்ன நினைத்தாளோ, போன் பக்கம் திரும்பினாள். மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தாள். சட்டை மாட்ட முடியாது. கொடியில் துணி போட முடியாது. வலது பக்கம் திரும்பிப் படுக்க முடியாது, அதனால் சாய்வு நாற்காலியில் தூங்குகிறாள். பேரக்குழந்தை கையை நீட்டிக்கொண்டு ஓடி வந்தால் சமையலறைக்குள் வேலை இருப்பதுபோல் போய்விடுகிறாள், தூக்க முடியாதது அதற்குத் தெரிந்துவிடும் என்று. சொல்லச் சொல்ல அவள் குரல் அடங்கிக்கொண்டே போனது. விலியாமு மாமா மேஜை விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அழுதேன், வெட்கமில்லாமல்.

ஃபியோனா எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளும் தட்டச்சுச் சத்தம் கேட்டது. பிறகு கேட்டார்: "உட்கார முடியுமா?"

"முடியும்."

"இங்கிலீஷ் பேச வருமா?"

"வரும்."

"இடது கையால காசு வாங்க முடியுமா?"

பொய் சொல்லத் தெரியாத வாய் அது. "முடியும்" என்றாள்.

"நீங்க சொன்னதை எல்லாம் நான் நம்புறேன்மா" என்றார் ஃபியோனா. "ஆனா அந்த வேலை எங்கயாவது கிடைக்குமான்னு பாக்க எனக்குச் சட்டத்துல இடமில்ல."

"பரவால்ல கண்ணு" என்றாள் அக்கா. "உன் தப்பு இல்ல. நீ சாப்பிட்டியா?"

முடிவு மாறவில்லை. செய்தி வந்த அன்று நான் போனபோது, "அந்தப் பொண்ணு என்னை நம்புச்சு ரூத்தா" என்றாள். நம்பிக்கையை வீட்டுக்காரர் வாடகையாக வாங்கிக்கொள்வாரா என்று கேட்க வாய்வரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கினேன்.

விலியாமு மாமா தனக்கு வேலை பார்த்து வைத்துவிட்டதாகச் சொன்னார். ஆள் எடுத்துவிடும் ஏஜென்சி மூலம். எங்கே என்று கேட்டால் எங்கள் ஆலைதான். நெஞ்சு எப்படி என்று கேட்டிருப்பார்கள். என்ன பதில் சொல்லியிருப்பார் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

"போகக்கூடாது" என்றாள் அக்கா.

"திங்கக்கிழமையிலேருந்து வரச் சொல்லிட்டாங்க."

"போகக்கூடாதுன்னு சொன்னேன். வீட்டைக் காலி பண்ணிட்டுத் தம்பி வீட்டு காரேஜுல இருப்போம். ரொட்டி மட்டும் தின்போம். என் பிணத்தைத் தாண்டிப் போ."

யாருக்கும் மாட்டேன் என்று சொல்லி அறியாதவள், கதவில் முதுகை வைத்து நின்றுகொண்டு கத்தினாள். அந்த வீட்டில் அதுதான் நான் கேட்ட முதல் சண்டை. விலியாமு மாமா பதிலுக்குக் குரல் உயர்த்தவில்லை. "மோயே, நீ இத்தனை வருஷம் இழுத்தே. நான் கொஞ்சம் இழுக்குறேன்" என்றார். அவள் கதவை விட்டு நகர்ந்தாள்.

சூப்பர்வைசர் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, அவரை ஈரப் பக்கம் போடாமல் மடிக்கிற பக்கமும், என்னை அவருக்கு எதிரிலும் போட வைத்தேன். திங்கட்கிழமை விடிவதற்கு முன் அவரை அழைத்துப்போகக் காரை நிறுத்தினால், அக்காவும் வந்து பின்சீட்டில் ஏறினாள். கையில் தெர்மாஸ், மடியில் பைபிள்.

"நீ எங்கக்கா வர்ற?"

"வண்டியிலயே இருக்கேன். வேலை முடிஞ்சு வரட்டும்."

"நாள் பூரா வெளிய உக்காந்து என்ன பண்ணப்போற?"

"அவர் வெளிய வரும்போது பாக்கணும்."

விலியாமு மாமா முன்சீட்டில் ஏறினார். ஷிப்ட் முழுவதும் அவருக்கு எதிரே நின்று மடித்தேன். நெற்றியைத் துடைப்பார், என்னைப் பார்த்துச் சிரிப்பார், மறுபடி மடிப்பார். இடைவேளையில் ஜன்னல் வழியாகப் பார்த்தால், கார் நிற்கிற இடத்தில் வெயில் ஏறியிருந்தது. அக்கா கண்ணாடியை இறக்கிவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

வேலை முடிந்ததும் நான் முன்னால் வந்து காரில் ஏறிவிட்டேன். மாமா கையொப்பம் போட்டுவிட்டு வரப் பின்தங்கினார். பிறகு ஆலைக் கதவு திறந்தது. அவர் வெளியே வந்து, சுவரில் ஒரு கையை ஊன்றி, குனிந்து, மூச்சு வாங்கினார். நிமிர்ந்து பார்த்தவர் கண்ணில் கார் பட்டது. உடனே சுவரை விட்டுக் கையை எடுத்தார். முதுகை நிமிர்த்தி, இரண்டு கையையும் வீசிக்கொண்டு, பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி எங்களை நோக்கி நடந்து வந்தார்.

"அதுக்கு முன்னாடியே பாத்துட்டேன்" என்றாள் அக்கா, எனக்கு மட்டும் கேட்கும்படி. பிறகு அவளும் அவரைப் பார்த்துச் சிரித்தாள்.